பள்ளியும் திருக்கோயிலும்: சிறார் சமயக் கல்வியின் வரலாறு

கொல்லிமலையின் மீது அறப்பளீசுரர் திருக்கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கின்றார். கீழே பரந்து கிடக்கும் நாமக்கல், இராசிபுரம், சேலம் ஆகிய சமவெளி ஊர்களிலிருந்து இம்மலைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர். ஆயினும், அப்பெருமானை விளித்து அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் ஒரு காலத்தில் சிறுவர்கள் நாவிலும் நடமாடிய நூல் என்பதை நினைப்பவர் இன்று மிகச் சிலரே. நூறு பாட்டுக் கொண்ட அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே நல்லாசிரியர் இயல்பும், அதனை அடுத்து நன்மாணாக்கர் இயல்பும் பேசப்படுகின்றன. இறைவனை முன்னிலைப்படுத்தி உலகியல் ஒழுக்கத்தைக் கூறுவது சதக நூல்களின் மரபு. கடவுட் பற்று வேறு, பள்ளிப் பாடம் வேறு என்று நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். விசயதசமி நன்னாளில் கல்வி தொடங்கும். மணலில் விரலால் எழுத்தெழுதப் பழகிய பிள்ளை, பிறகு பனையோலைக்கு வருவான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, சதகங்கள், அந்தாதிகள் என்று படிப்படியாக மனப்பாடம் ஏறும். எண்சுவடி ஒருபுறம் நடக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. அந்நாட்களில் உபாத்தியாயருக்குப் பிள்ளைகள் கொடுக்கும் காசுக்கு வாவுக்காசு என்று பெயர். நவராத்திரிக் காலத்தில் மாணாக்கர்கள் கோலாட்டக் கோலுடன் வீடு வீடாகப் பாடிச் சென்று ஈட்டும் பொருளும் ஆசிரியருக்கே உரியது. சமயமே ஆசிரியருக்கு ஊதியமும் தேடிக் கொடுத்தது எனலாம். ஆனால் அந்த ஊதியம் மிகச் சொற்பம். இதனை அரசாங்கமே பதிவு செய்திருக்கின்றது.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய கணக்கைத் தருமாறு மாவட்ட ஆட்சியர்கள் எல்லோருக்கும் ஆணையிட்டார். மன்றோ இம்மாவட்டத்துக்குப் புதியவர் அல்லர். 1792-இல் பாராமகாலும் சேலமும் கும்பினியார் வசமானபோது, கர்னல் ரீடின் உதவியாளராக வந்து 1799 வரை இந்நிலப்பகுதியிலேயே வரித் திட்டம் வகுத்தவர். குடியானவர் வீட்டுத் திண்ணையை நேரில் கண்டறிந்தவர் என்பதனால் அவர் வினா வெறும் காகித வினாவாக இருந்திருக்க முடியாது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் உண்டென்றும், அவற்றில் 1,88,650 பேர் பயில்கின்றனர் என்றும் கணக்கு வந்து சேர்ந்தது. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில் ஒரு செய்தி உள்ளத்தைத் தைக்கின்றது. ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை. தக்கவர்கள் இத்தொழிலுக்கு வர அத்தொகை போதாது என்பதே அது. ஆசிரியரைப் பயிற்றுவதற்கென்று சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றும் அவர் கருதினார். கல்வியின் நோய் எங்கே இருக்கின்றது என்பதை அந்த வெள்ளைக்கார அதிகாரி சரியாகவே கண்டிருந்தார்.

மன்றோ 1827-இல் காலமானார். அதே ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் சேலத்துக்கு வந்து சமயப் பணியும் பள்ளிப் பணியும் தொடங்கினார். நூல்களை அச்சிட்டு வழங்குதல், வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தல், ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தருதல் ஆகிய புது முறைகள் மிஷன் பள்ளிகளுடன் நாடெங்கும் பரவின. அவர்கள் தங்கள் மறையைக் கற்பித்தார்கள். அதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. 1854-ஆம் ஆண்டில் வுட் துரையின் கல்வி ஆணை வந்தது. அரசாங்கப் பள்ளிகள் சமயத்தில் நடுநிலை வகிக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆணைக்குள் மற்றொரு வாசகமும் உண்டு. அரசாங்கப் பள்ளி மாணாக்கர்கள் கிறிஸ்துவ சமயத்தைப் பற்றி விரும்பிக் கேட்டால், பள்ளி நேரத்துக்குப் புறம்பே ஆசிரியர்கள் விளக்கம் கூறலாம் என்பதே அது. இதன் விளைவு என்ன? நம் பிள்ளை அரசாங்கப் பள்ளிக்குப் போனால் எச்சமயமும் இல்லை. மிஷன் பள்ளிக்குப் போனால் பிற சமயம் உண்டு. தன் வீட்டுத் தெய்வத்தைப் பற்றி எங்கும் ஒரு பாடமும் இல்லை. திண்ணைப் பள்ளியோ நாளுக்கு நாள் நலிந்தது. சமயம் தாய்மார் மடிக்கும், மார்கழிப் பசனைக்கும், திருவிழாக் கூட்டத்துக்கும் ஒதுங்கியது.

தாய்மார் மடி சாமானியமான பள்ளி அன்று என்பதும் உண்மையே. கணித மேதை சீனிவாச இராமானுசனின் அன்னையார் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் கொண்டிருந்த பக்தி உலகறிந்தது. அவர் ஊட்டிய நம்பிக்கை, கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்ற மைந்தனையும் விட்டு அகலவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தகைய அன்னையார் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும், பள்ளியில் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் கல்வி அன்றைய பெண்டிர்க்கு மறுக்கப்பட்டிருந்தது.

இந்த இடைவெளியைத் தமிழ் மக்களுள் முதன்முதல் முழுமையாக உணர்ந்து, அதற்கு மருந்தும் செய்தவர் சேலத்தவரும் அல்லர், சென்னையவரும் அல்லர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு, மன்றோ பள்ளிக் கணக்கைக் கேட்ட அதே ஆண்டில், டிசம்பர் 18-ஆம் நாள் தோன்றிய ஆறுமுக நாவலரே அவர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளின் வலிமை தமிழகத்தைக் காட்டிலும் மிகுதி. ஆகவே நோயும் அங்கே முன்னதாக வெளிப்பட்டது, மருந்தும் அங்கேயே முதலில் பிறந்தது.

நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பீட்டர் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்கு உறுதுணையாக நின்றவர். ஆதலால் மிஷன் பள்ளியின் வெற்றிக்குக் காரணம் என்ன என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார். அச்சிட்ட பாடநூல், வயதுக்கேற்ற வகுப்பு, வினாவும் விடையுமாக அமைந்த சமயப் பாடம், வாரந்தோறும் தவறாத பிரசங்கம் ஆகியவை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார்; வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. பிரசங்கம் பெரியவர்களைத் தட்டி எழுப்பும்; பிள்ளைகளை வளர்ப்பதற்குப் பள்ளி வேண்டும் என்று உணர்ந்து, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளியில் பெற்று வந்த சம்பளத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார்.

பள்ளி அமைத்தால் போதுமா? கற்பிக்க நூல் வேண்டுமே! 1849-இல் தமிழகம் வந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. திரும்புகையில் அவர் கொண்டு சென்றது பட்டத்தை மட்டுமன்று. சென்னையில் விலைக்கு வாங்கிய ஓர் அச்சியந்திரத்தையும் கூடவே கொண்டு சென்றார். அதிலிருந்து பாலபாட நூல்களும் சைவ வினாவிடையும் வெளிவந்தன. 1852-இல் பெரியபுராணத்தை வசன நடையில் தந்தார். அதுவரை புராணம் என்பது கற்று வல்லார் விருத்தம் பாடிப் பொருள் சொல்லக் கேட்பது. நாவலர் சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, பத்து வயதுச் சிறுவன் தானே படித்தறியும் உரைநடையாக்கினார். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இதனை இலக்கியச் சாதனை என்பர். அதன் தோற்றுவாய் சமயம் கற்க வந்த சிறுவனின் தேவையே என்பது நினைவில் இருத்தல் வேண்டும்.

நாவலர் பணியில் வெற்றிக் கணக்கை மட்டும் எழுதுவது முறையாகாது. அவர் பள்ளிக்கு நெடுங்காலம் அரசாங்க மானியம் கிட்டவில்லை. அவருடைய மாணாக்கர்கள் ஊதியத்தைப் பெரிதாகக் கருதாமல் ஆசிரியராக உழைத்ததனாலேயே பள்ளி நிலைத்தது. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். 1872-இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். போதிய ஆதரவு இன்றிச் சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. பெற்றோர்கள் பிரசங்கம் கேட்டு மெய்சிலிர்த்தார்கள். பிள்ளைகளையோ உத்தியோகம் கருதி மிஷன் பள்ளிக்கே அனுப்பினார்கள். கோயில் மண்டபத்தில் கண்ணீர் மல்க நின்ற செல்வர்கள் பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் முன் கையை மடக்கிக்கொண்டது பற்றி நாவலர் மனம் நொந்து எழுதியிருக்கின்றார். மற்றொரு குறையும் உண்டு. சாதி ஆசாரத்தில் நாவலர் தம் காலத்தைக் கடந்தவர் அல்லர். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளியில் இடம் இருந்ததில்லை. மிஷன் பள்ளிகள் அவர்களை வரவேற்றன. பெரியாரைப் போற்றும்போது இதனை மறைப்பது வரலாற்றுக்கு இழுக்கு.

1879-இல் நாவலர் மறைந்த பின், 1888-இல் யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபை தோன்றியது. அவர் தொடங்கித் தளர்ந்த ஆங்கிலக் கல்விப் பணியே 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாகத் தழைத்தது. ஊர்தோறும் பள்ளி எழுந்தபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. ஆசிரியர்கள் எங்கே? கோயிலில் பிறந்து வளர்ந்த இளைஞனாயினும், பயிற்சிச் சான்றிதழ் இன்றி ஆசிரியனாக முடியாது; பயிற்சிக் கூடங்களிலோ சைவ இளைஞர்களுக்கு வாய்ப்பு அரிதாக இருந்தது. 1923-இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் இதனை நன்கு ஆராய்ந்தது. 'இந்து போர்டு' இராசரத்தினம் என்று மக்கள் அன்புடன் அழைத்த சு. இராசரத்தினம் அதன் உயிர்நாடியாக விளங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை அச்சங்கம் நடத்தியது. அவற்றினும் சிறந்த பணி எது என்று கேட்டால், திருநெல்வேலி என்னும் யாழ்ப்பாணத்து ஊரில் 1928-இல் சைவ ஆசிரிய கலாசாலை கண்டதையே கூறவேண்டும். அங்கே பயிற்சி பெற்று வெளிவந்த ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டு பணிபுரிந்தால், அவர் கையில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1960-61-இல் இலங்கை அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைத் தன்பால் எடுத்துக்கொண்டது. சங்கத்தின் பள்ளிகள் கைமாறின. ஆனால் அந்நாட்டில் ஒவ்வொரு மாணாக்கனும் தன் சமயத்தைப் பாடமாகப் பயிலும் ஏற்பாடு நிலைபெற்றது. சைவநெறி என்னும் பாடநூல் இன்றும் அங்கே வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றது.

வடநாட்டிலும் இம்முயற்சி நிகழாமல் இல்லை. 1898-இல் அன்னி பெசண்ட் அம்மையார் காசியில் மத்திய இந்துக் கல்லூரி கண்டு, சனாதன தருமம் என்னும் பாடநூல் வரிசையை வெளியிடச் செய்தார். நாவலரின் பாலபாடம் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது.

இனிச் சேலத்துக்கு மீள்வோம். இம்மாவட்டத்தில் நாவலரைப் போன்ற ஒரு தனிப்பெருஞ் சமய ஆசிரியர் தோன்றவில்லை. ஆயினும் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் சமயக் கதை தந்த பெரியார் ஒருவரை இம்மண் உலகுக்கு அளித்தது. பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜியே அவர். வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் நாவலரின் வசனப் பெரியபுராணம் செய்த பணியையே தம் காலத்துக்கேற்பச் செய்தன. பின்னதற்கு 1958-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிட்டியது. நாவலரிடத்துக் காணப்பட்ட குறை இராஜாஜியிடம் இல்லை. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் அவர் கண்ட காந்தி ஆசிரமத்தில் எல்லாச் சாதியினரும் உடன் உறைந்தனர். அவர் தலைமை அமைச்சராயிருந்த 1939-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோயில் வாயில் எல்லோருக்கும் திறந்த பின்னரே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சமயக் கல்வி என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாயிற்று.

சேலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1944-ஆம் ஆண்டு திராவிடர் கழகம் அப்பெயரைச் சூட்டிக்கொண்டது இந்நகரில் கூடிய மாநாட்டிலேயாம். கோயிலையும் புராணத்தையும் குறித்து இளைஞர்கள் துணிந்து வினா எழுப்பிய காலம் அது. பல சமயப் பிரசங்கிகள் சினந்தனர்; சிலர் அஞ்சி ஒதுங்கினர். குன்றக்குடி அடிகளார் ஒருவரே வினாவைப் பகையாகக் கருதாமல், அருள்நெறித் திருக்கூட்டத்தின் வாயிலாக ஊர்தோறும் சென்று விடை கூறியதோடு, ஈ. வெ. ராமசாமிப் பெரியாருடன் நட்பும் பூண்டார். வினா எழுப்பும் மாணாக்கனுக்கு விடை கூற இயலாத ஆசிரியர் வகுப்பில் சமயத்தைப் பேசாதிருப்பதே நன்று என்பது அக்காலம் கற்பித்த பாடம்.

ஆசிரியரைத் தகுதிப்படுத்துவதிலிருந்தே தொடங்கவேண்டும் என்னும் கொள்கையைத் தமிழகத்தில் உறுதியாகப் பற்றியவர்களுள் சுவாமி சித்பவானந்தர் முதன்மையானவர். 1942-இல் காவிரிக் கரையில் திருப்பராய்த்துறையில் இராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவினார். கீதைக்கும் திருவாசகத்துக்கும் பேருரை கண்டார். அந்தர்யோகம் என்னும் ஒருநாள் ஆன்மிகப் பயிற்சியை மக்களிடையே பரப்பினார். அவருடைய அருள்நோக்கால் 1961-இல் சேலத்தில் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி தோன்றியது. அதன் வழியில் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றும் கல்வியியல் கல்லூரியும் இந்நகரில் அமைந்தது. மறுக்கப்பட்டிருந்த கல்வி தாய்மார்க்கு வந்து சேர்ந்தது மட்டுமன்றி, அவர்களே ஆசிரியைகளாகவும் வகுப்பறைக்குச் சென்றனர்.

இன்று சட்டம் என்ன கூறுகின்றது என்பதையும் அன்பர்கள் அறிதல் நலம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது. சமய போதனை செய்யப்பட வேண்டும் என்னும் அறக்கட்டளையால் நிறுவப்பட்டு, அரசாங்கம் நிர்வகிக்கும் பள்ளிக்கு அதில் விலக்கு உண்டு. அரசாங்க உதவி பெறும் தனியார் பள்ளியில் கற்பிக்கலாம். ஆனால் மாணாக்கர் அல்லது பெற்றோர் இசைவு இன்றி எவரையும் கலந்துகொள்ளுமாறு வற்புறுத்தக் கூடாது. இவ்வேற்பாட்டைக் குறைகூறுவோர் உளர். பல சமயத்தார் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் நாட்டில் இது தகுந்த ஏற்பாடே ஆகும். நம் பிள்ளைக்குப் பிற சமயம் திணிக்கப்படுவதை அன்று வெறுத்தவர்கள், பிறர் பிள்ளைக்கு நம் சமயம் திணிக்கப்படுவதை விரும்புதல் எங்ஙனம் பொருந்தும்? சென்னை ஆளுநராக இருந்த ஸ்ரீ பிரகாசாவின் தலைமையில் 1959-இல் அமைந்த குழு, பள்ளி தொடங்குமுன் சில நிமிட மௌன தியானமும், சமயப் பெரியோர் வரலாறுகளும் இடம்பெறலாம் என்று 1960-இல் பரிந்துரைத்தது. எல்லாச் சமயங்களையும் பற்றி அறியச் செய்வது சமய போதனை ஆகாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆகவே, நம் சமயத்தை நம் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பிக்கும் இடம் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குப் புறம்பாகவே அமைகின்றது. 1854-ஆம் ஆண்டு ஆணை மிஷன் அன்பர்களுக்குக் காட்டிய அதே நேரம் அது! காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பாவை திருவெம்பாவை மாநாட்டைத் தொடங்கிவைத்தது இந்த நேரத்தைப் பயன்படுத்திய அரிய முயற்சியாகும். சைவரும் வைணவரும் ஒரே மேடைக்கு வந்தனர். பள்ளிச் சிறார்க்குப் பாவைப் பாடல் ஒப்புவிக்கும் போட்டிகள் திருக்கோயில்களில் பரவின; அறநிலையத் துறையும் பாவை விழாக்களை நடத்தியது.

போட்டிப் பரிசோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதுவோர்க்குத் தாய்லாந்து நாட்டிலிருந்து ஒரு செய்தி. பாங்காக் நகரத்து அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் ஒரு விழா நடத்துகின்றனர். திரியம்பாவாய் என்பது அதன் பெயர். முற்காலத்தில் அவ்விழாவின் அங்கமாக நிகழ்ந்த பெரிய ஊஞ்சல் ஆட்டம் 1935-இல் நின்றுபோயிற்று, வழிபாடு நிற்கவில்லை. திருவெம்பாவை என்னும் தமிழ்ப் பெயரே அங்ஙனம் திரிந்தது. கடல் கடந்து போன தமிழ்ப் பாடலின் ஓசையைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்துவந்தனர். பொருளோ அவர்களிடமிருந்து எப்பொழுதோ நழுவிவிட்டது. ஓசையைக் காத்த அவர்கள் பக்தியை வணங்கலாம். ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் மனப்பாடம் செய்து பரிசு பெறும் பிள்ளைக்கும் அதே நிலை நேரலாகாது. பாட்டில் வரும் ஒவ்வொரு பெயரும் யாரைக் குறிக்கின்றது, ஒவ்வொரு சொல்லும் எதனைச் சொல்கின்றது என்று அருகிருந்து விளக்க ஒருவர் வேண்டும்.

திருச்செங்கோடு இதற்கு ஓர் இலக்கியம். கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரம் போற்றும் அத்தலத்துக்குத் திருஞானசம்பந்தர் எழுந்தருளியபோது, கொங்குநாட்டுக் குளிர்காய்ச்சல் உடன்வந்த அடியார்களைப் பற்றியது என்று சேக்கிழார் கூறுகின்றார். பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடினார். நோய் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று. இவ்வரலாற்றைத் தேர்த் திருவிழாவுக்கு வருவோருள் எத்தனை சிறுவர் அறிவர்? மலையடிவாரத்துப் பள்ளியில் பயிலும் சிறுவனுக்கு அவன் நாள்தோறும் காணும் மலையே பாடநூலாகக்கூடும். நாமக்கல் மலைக் குடைவரையில் அதியேந்திர விஷ்ணு கிருகம் என்னும் பெயர் கல்லெழுத்தாக நிற்கின்றது. எதிரே பதினெட்டடி ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கின்றார். கல்லெழுத்தைப் படித்துக் காட்டும் வரலாற்றாசிரியரும் தலபுராணம் கூறும் தமிழாசிரியரும் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே பிள்ளைகளுடன் சென்று நின்றால், இசைவுக் கடிதம் கொடுக்க மறுக்கும் பெற்றோர் இரார்.

இதற்குப் பொருள் தேவை. ஆனால் கோபுரத் திருப்பணிக்கு ஆகும் பொருளில் இது ஒரு சிறு துளியே. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி, அவர்கள் கையில் எளிய உரையோடு கூடிய நூல், சிறுவர்க்கு மாலைநேரச் சிற்றுண்டி, இவற்றுக்குத் திங்கள்தோறும் ஆகும் செலவை ஓர் உபயதாரர் ஏற்றுக்கொள்ளலாம். உற்சவ உபயத்தைப் போன்று இதற்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் வழக்கம் இன்னும் தோன்றவில்லை என்பதே தடை.

வண்ணார்பண்ணை ஆங்கிலப் பாடசாலை அத்தடையால் மூடப்பட்டது. சிதம்பரத்தில் நாவலர் 1864-இல் தொடங்கிய பள்ளியோ மூடப்படவில்லை. தில்லைக் கூத்தப்பெருமான் திருக்கோயிலைச் சூழ்ந்த அந்நகரில், அவர் பெயரைத் தாங்கி அது இன்றும் நடைபெற்று வருகின்றது.